நயினார் முயல்

திருப்பருத்திக்குன்றம்
16-2-2025

ஜினவரர் துணை.

பொன்னூர் ஜ்வாலாமாலினி அண்ணிக்கு கௌசல்யா எழுதுறது. இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுத வந்து கை நின்னுபோச்சு. எல்லாரும்னா இப்ப நானும் நாயும்தான். சௌக்கியமாத்தான் இருக்கோம். உங்க முட்டிவலி எப்படி இருக்குது? மனோஜ் பெங்களூர்லேருந்து வந்து பாத்துட்டுப் போனானா?

போன்ல பேசலாம்னா உங்களுக்குக் காது எட்டலை. நான் கத்துனா தெருவே திரும்பிப் பாக்குது. அதான் கடுதாசி. ஆறாவது பாதியில நின்னவ எழுத்து, பொறுத்துக்கினு படிங்க.

உங்க தம்பி காரியம் முடிஞ்சு பஸ் ஏறும்போது நீங்க சொன்னது காதுலயே இருக்குது. "பிள்ளையும் இல்லாத வீட்ல தனியா என்ன பண்ணப்போறே, என்கூட வந்து இரு. ஆனா நாய் வேணாம்." சரின்னு தலையாட்டுனேன். அன்னிக்கு யார் என்ன சொன்னாலும் தலையாட்டியிருப்பேன்.

நேத்து முனிரத்தினம் அண்ணன் வந்தார். தாமல் ஏரியில நாய்ப் பந்தயம் ஆரம்பிச்ச நாள்லேருந்து மைக் பிடிச்சவர், தெரியுமில்ல. தறியை வித்துட்டு இப்ப ஒரு கம்பெனி கேட்ல செக்யூரிட்டியா நிக்கிறார். "தங்கச்சி, வைகாசியில ஒரே ஒரு பந்தயம் வைக்கிறோம், உன் வீட்டுக்காரர் தருமு பேர்ல கப்பு. அதோட மூட்டை கட்டிட வேண்டியதுதான். உங்க நாய் சாமரம் ஓடணும்"ன்னார். நாய் அவர் குரலைக் கேட்டுட்டு கதவாண்டை போயி நின்னுக்கினு அவர் பின்னால இன்னொருத்தர் வராரான்னு பாத்துக்கினே இருந்திச்சு.

அது ஓடி முடியட்டும் அண்ணி. அப்புறம் யார்கிட்டயாவது விட்டுட்டு வரேன். வெயில் வந்துடுச்சு, வெறுங்காலோட கோயிலுக்கு மத்தியானம் போவாதீங்க.

கௌசல்யா


பொன்னூர்
1-3-2025

பகவான் அருள் முன்நிற்க.

கௌசல்யாவுக்கு ஜ்வாலாமாலினி எழுதுவது. கடிதம் வந்தது. முட்டி முட்டியாத்தான் இருக்கு. மனோஜ் வந்தான், ரெண்டு நாள் போனைப் பாத்துக்கிட்டு இருந்துட்டுப் போனான்.

பகவானுக்கு ரெண்டு பக்கமும் வீசுற சாமரத்தோட பேரை ஒரு நாயோட வாலுக்கு வச்சான் என் தம்பி. அவன் இங்க வந்தப்பவே சொன்னேன், கேட்டானா? "வால் அப்படித்தான்க்கா இருக்குது"ன்னு சிரிச்சான். உசிரைக் கொல்லாத சமண நயினார் வீட்ல பிறந்துட்டு முயலைத் துரத்துற விளையாட்டுக்குப் போனவன் வேற எப்படிப் பேசுவான்?

அந்தச் சித்திரையில உங்க வீட்டுக் கூடத்துல கூடைக்குள்ளே ஒரு முயல் நடுங்கிக்கிட்டு இருந்துச்சே, அது கண்ணு இன்னும் எனக்குத் தெரியுது. சோறு வேண்டாம்னு அப்படியே எழுந்து வந்தேன். அப்புறம் அந்த வாசப்படியை மிதிச்சது அவனைத் தூக்குற அன்னிக்குத்தான். இன்னொரு பந்தயம் எதுக்கு? அவன் கணக்குல அந்தப் பாவமும் சேரவா? நாயை இப்பவே விட்டுட்டுக் கிளம்பி வா. மேற்கு அறையைச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கேன்.

மோர் குடி. உடம்பைப் பாத்துக்கோ.

ஜ்வாலாமாலினி


திருப்பருத்திக்குன்றம்
14-3-2025

ஜினவரர் துணை.

அண்ணிக்கு கௌசல்யா. சுண்ணாம்பு நெடியில படுக்காதீங்க, உங்களுக்கு இருமல் வரும்.

அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அந்த முயல் பந்தயத்துக்குப் போவலை. நீங்க எழுந்து போன சாயங்காலமே உங்க தம்பி அதைக் கொண்டுபோயி கரும்புத் தோட்டத்தாண்டை விட்டுட்டார். அப்புறம் ஏரிக்குப் போயி, "உசிரு முயலை விட்டா என் நாய் ஓடாது"ன்னார். அப்ப எங்க கிட்ட சந்தனம்னு ஒரு நாய், அது ஓடலைன்னா பாதி ஜனம் வராது. அதனால ஒத்துக்கினாங்க. துணி முயலை நான்தான் தைச்சேன். பழைய ரவிக்கைத் துணி, உள்ள தறிக்காரங்க வீட்டுக் கழிவு நூல். அதைக் கயித்துல கட்டி, பைக்கோட பின்சக்கரத்துல கயித்தைச் சுத்தி இழுப்பாங்களாம், முயல் தரையோட பறக்குமாம். உங்ககிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "அக்கா சொன்னதுக்காகச் செஞ்சேன்னு தெரிஞ்சா இன்னும் நாலு சொல்லும்"ன்னார்.

நயினார் முயல்னு அதுக்குப் பேர் வச்சு ஜனங்க கேலி பண்ணுச்சுங்க. அதுக்கு முன்ன எப்படி இருந்த பந்தயம் தெரியுமா? ஏரி காய்ஞ்சதும் கரை கொள்ளாத கூட்டம். ஆற்காட்டு பாய்ங்க ஜீப்புல நாய்க்குப் பச்சை வெல்வெட்டு போர்த்தி எறக்குவாங்களாம். அரக்கோணத்துலேருந்து ரயில்காரங்க லீவு போட்டுட்டு வருவாங்களாம். பனைமரத்துமேலயும் ஆளு. ஐஸ் வண்டி, வெள்ளரிக்கா, மைக்குல முனிரத்தினம் அண்ணன், "சீமை ரத்தம் கலந்த சிங்கம் வருது பார்"னு. நான் ஒரு நாளும் போனதில்லை. பொம்பளைங்க போற எடமில்லைன்னு இல்ல, யாரும் கூப்பிடலை, நானும் கேக்கலை. அவர் வந்து குளிச்சுட்டு, வெளிச்சத்தோட சாப்பிட்டுட்டு, வேர்க்கடலையை நாய்ங்களா வரிசை வச்சுக் காட்டுவார். இது பாய் நாய், இது நம்ம நாய்னு தள்ளித் தள்ளி. ஓடி முடிச்ச நாயை வாயில போட்டுக்குவார். நான் பாத்த பந்தயமெல்லாம் கடலைதான்.

ரத்தம் இல்லைன்னதும் கொஞ்சம் பேர் போனாங்க. வயசுப் பசங்க கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போனாங்க. மீதிப்பேருக்குக் கையில போன் வந்திச்சு. ஏரியில ஒரு பக்கம் மண்ணு எடுத்து பள்ளம். இப்ப நல்ல நாய் வச்சிருக்கவங்க ஷோவுக்குக் கொண்டுபோறாங்களாம், கம்பளத்து மேல நடக்க வச்சு மார்க்கு போடுறாங்களாம். ஓடுற நாயை நடக்க வச்சுப் பாக்குறாங்க அண்ணி. உங்க தம்பி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிச்சுட்டு எழுந்து கொல்லைப்பக்கம் நாய்கிட்ட போயிடுவார்.

உங்க மனசைக் கஷ்டப்படுத்த எழுதலை. பதில் போடுங்க.

கௌசல்யா


திருப்பருத்திக்குன்றம்
10-4-2025

ஜினவரர் துணை.

அண்ணிக்கு கௌசல்யா எழுதுறது. போன கடுதாசிக்குப் பதில் காணோம். உடம்பு சரியில்லையா, கோவமா? கோவம்னா பரவாயில்லை, உடம்புன்னா மனோஜை விட்டு ஒரு போன் போடச் சொல்லுங்க.

நீங்க சொன்னபடி நாயை விட்டுட்டேன். முனிரத்தினம் அண்ணன் வீட்லதான். பந்தயத்துக்கு அவரே பழக்குறேன்னார். கயித்தைக் கையில கொடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம வந்தேன்.

ஆனா அது அங்க சாப்பிட மாட்டேங்குதாம். பந்தய நாய்க்கு ஒரு வேளைதான் சோறு, அண்ணன் டூட்டி முடிஞ்சு வந்து தட்டை வச்சா மோந்து பாத்துட்டுத் தலையைத் திருப்பிக்குதாம். கேழ்வரகுக் கூழு, பால் சாதம், என்ன வச்சாலும் அப்படியே இருக்குதாம், விடியறதுக்குள்ள எறும்பு மொய்ச்சுடுதாம். முட்டை வச்சாங்களான்னு கேக்காதீங்க, நானும் கேக்கலை. விலா எலும்பு தெரியுது. அவர் சம்சாரம் நீலாம்பாள் அழுவுது, "எசமான் போன தூரத்துக்கே இதுவும் போவப் பாக்குதும்மா"ன்னு. தெருவுல எல்லாரும் வந்து கும்பிடாத கொறையா பாத்துட்டுப் போறாங்க. ஊசி போடுற டாக்டரும் வந்து, ஒடம்புல ஒண்ணுமில்லை, மனசுதான்னு சொல்லிட்டார்.

ஒரு நாய்க்கு இருக்கிற விசுவாசம் எனக்கு இல்லையேன்னு தோணுது. நான் நல்லாத்தான் இருக்கேன், காலையில எழுந்து வாசல் தெளிக்கிறேன்.

என்ன பண்றதுன்னு தெரியலை அண்ணி. எழுதுங்க.

கௌசல்யா


பொன்னூர்
16-4-2025

கௌசல்யாவுக்கு,

பகவான் காப்பார். எனக்கு ஒண்ணுமில்லை.

முனிரத்தினம் டூட்டி முடிஞ்சு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரான்? விளக்கு வச்சதுக்கு அப்புறம்தானே? அந்த ஜீவன் எந்த வீட்ல வளந்துச்சு? பொழுது சாஞ்சா பச்சைத் தண்ணியில கூட வாய் வைக்காத வீட்ல. என் தம்பி தன் தட்டைக் கழுவும்போதே அதோட தட்டையும் கழுவிக் கவுத்து வச்சிருப்பான். இருட்டுல சோறுன்னு ஒண்ணு இருக்குதுன்னே அதுக்குத் தெரியாது. விசுவாசமாம், மனசாம்! டாக்டருக்குப் படிச்சவனுக்குத்தான் தெரியலை, நயினார் வீட்டுப் பொம்பளை உனக்குமா தெரியலை? சூரியன் இருக்கும்போது தட்டை வை. தின்னும்.

அது சரி. நீ பொழுதோட சாப்பிடுறியா?

ஜ்வாலாமாலினி


திருப்பருத்திக்குன்றம்
25-4-2025

ஜினவரர் துணை.

அண்ணிக்கு கௌசல்யா. உங்க கடுதாசியைப் படிச்ச கையோட ஓடுனேன். வெயில் சுவத்துல இருக்கும்போதே பால் சாதம் பிசைஞ்சு வச்சேன். அண்ணி, தட்டைத் துடைச்சு வச்ச மாதிரி நக்கிட்டு இன்னும் குடுன்னு என் கையைப் பாக்குது! அன்னிக்கு லீவுன்னு வீட்ல இருந்த நீலாம்பாள் வாயைப் பொத்திக்கினு சிரிக்குது. "ஐயோ, இதைப் போயி தெய்வப்பிறவின்னு நெனைச்சு நேத்து கற்பூரம் வாங்கி வச்சேனேம்மா"ங்குது. தெருவுக்குத்தான் கொஞ்சம் ஏமாத்தம்.

எனக்கும் சிரிப்பு வந்திச்சு. தை மாசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான்.

அந்த வீட்ல சாயங்காலம் யாரும் இருக்கிறதில்லை. நீலாம்பாள் ஜரிகைக் கடைக்கு வேலைக்குப் போவுது. அதனால நாயைத் திரும்பக் கூட்டிக்கினு வந்துட்டேன். பந்தயம் வரைக்கும்தான். திட்டாதீங்க. காலையில முனிரத்தினம் அண்ணன் சைக்கிள்ல வந்து ஓட்டிக்கினு போறார்.

இங்க மாம்பழம் வந்துடுச்சு. உங்களுக்கு யார்கிட்டயாவது கொடுத்து அனுப்புறேன்.

கௌசல்யா


பொன்னூர்
6-5-2025

கௌசல்யாவுக்கு ஜ்வாலாமாலினி. மாம்பழம் வேண்டாம், இங்க மரமே இருக்கு.

கேட்டதுக்குப் பதில் எழுதலை நீ. நாய் சாப்பிட்டதை வாய் நிறைய எழுதினே. நீ எழுதாம விட்டதைப் படிக்க எனக்குக் காது தேவையில்லை. என் வீட்டுக்காரர் போனப்போ நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருத்தருக்கு எதுக்கு அடுப்பு, வெளிச்சம் போயிடுச்சு, இனிமே சாப்பிடக்கூடாதுன்னு நியமத்து மேல பழியைப் போட்டுட்டுப் படுத்துடுவேன். அதுக்குப் பேர் விரதம் இல்லை.

நாய்க்கு வைக்கிற நேரத்துலயே உனக்கும் ஒரு தட்டு வச்சுக்கோ.

மார்ச்சு மாசக் கடிதம் தலகாணிக்கு அடியில இருக்கு. அதைப் பத்தி இப்ப எழுதத் தெரியலை.

பந்தயத்துக்கு நீயே போ. போய் பாத்துட்டு வந்து எழுது. கடலை வேண்டாம், கண்ணால பாத்ததை எழுது.

ஜ்வாலாமாலினி


திருப்பருத்திக்குன்றம்
27-5-2025

ஜினவரர் துணை.

அண்ணிக்கு கௌசல்யா எழுதுறது. நான் சாப்பிடுறேன். நீங்களும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். இது பெரிய கடுதாசி, உக்காந்து படிங்க.

ஞாயித்துக்கிழமை போனேன். குடை எடுத்துக்கினு, தூக்குல மோர் எடுத்துக்கினு. ஏரிக்குள்ள எறங்குனா காய்ஞ்ச சேறு அப்பளம் மாதிரி நொறுங்குது. எனக்கு எடமே தெரிஞ்ச எடம் மாதிரி இருந்திச்சு. பனைமரம் இங்க இருக்கணும்னு பாத்தா அங்க இருக்குது, அதான் வித்தியாசம். கரையில ஜனம் இல்லை. சாமியானா ஒண்ணு, அதுக்குள்ள நிழலுக்கு வந்தவங்கதான் பாதி. ஆடு மேய்க்கிறவங்க ரெண்டு பேர். முனிரத்தினம் அண்ணன் மைக்கைப் பிடிச்சுக்கினு, "கரையெல்லாம் தலை, நிக்க எடமில்லை, தள்ளி நில்லுங்கப்பா"ன்னு பழக்கத்துல சொல்லிட்டார். ஆடுங்க திரும்பிப் பாத்திச்சுங்க. ஒருத்தர் சிரிக்க, எல்லாரும் சிரிச்சிட்டோம். அண்ணன் மைக்கைத் துண்டால துடைச்சுட்டு நாய்ங்க பேரைப் படிக்க ஆரம்பிச்சார்.

வரோம்னு சொன்ன நாயெல்லாம் வரலை. ஒண்ணுக்குக் கால்ல அடி, ஒண்ணை வெயில்ல விடமாட்டேன்னுட்டாங்களாம். கடைசியில ரெண்டே ரெண்டு. நம்ம சாமரம், அப்புறம் செவிலிமேட்லேருந்து கீர்த்தின்னு ஒரு பொண்ணோட வெள்ளை நாய். கம்பெனியில காலை ஷிப்டு பாக்குற பொண்ணு. நாயைப் பந்தயத்துல ஓடவிட ஆசையாம், எங்க விடுறதுன்னு தெரியாம இருந்திச்சாம். "இது ஃபர்ஸ்ட் டைம் ஆண்ட்டி"ன்னுச்சு. எனக்கும் அதான்மான்னேன்.

ஓட்டம் முடியுற சுண்ணாம்புக் கோட்டாண்டை என்னை நிக்கச் சொன்னாங்க. நான் தைச்ச முயல் தூரத்துல ஒரு புள்ளி மாதிரி கெடக்குது. பைக் உறுமுச்சு. அவ்வளவுதான் அண்ணி. ஒரு பெருமூச்சு விட்டு முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அவர் இந்தக் கடலையை அரைமணி நேரம் தள்ளுவாரே, இவ்வளவுதானா அதுன்னு ஆயிடுச்சு. ஆனா அந்தக் கொஞ்சத்துல ரெண்டு நாய்க்கும் கால் தரையில இல்லை. சாமரம் என் பக்கம் வரும்போது அதோட கண்ணைப் பாத்தேன். நான் சோறு வைக்கிற நாய் இல்லை அது. உங்க தம்பி எதைப் பாக்கப் போனார்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு, புரிஞ்சதைச் சொல்ல அவர் இல்லை.

அப்புறம்தான் சண்டை. யார் முன்ன வந்திச்சு? ஜட்ஜுக்குக் கண்ணுல மண்ணு. வந்திருந்தவங்க எல்லாரும் போன்ல படம் எடுத்துக்கினு இருந்தாங்க, படத்துல புழுதிதான் தெரியுது. நேரா கண்ணால பாத்தவ நான் ஒருத்திதான்னு அப்பதான் தெரிஞ்சது. முனிரத்தினம் அண்ணன் கெஞ்சுற மாதிரி, "தங்கச்சி, கோட்டாண்டை நின்னவ நீதான். நம்மதுதானே முன்ன?"ன்னார். கீர்த்தியும், "அங்கிள் பேர்ல கப்பு, உங்க நாயே ஜெயிச்சதா இருக்கட்டும் ஆண்ட்டி"ன்னுச்சு. கப்பை மேசை மேல வச்சிருந்தாங்க, அதுல அவர் பேர் எழுதியிருந்திச்சு. எடுத்துக்கினு வந்து அவர் போட்டோ கிட்ட வைக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

"வெள்ளைதான். ஒரு மூக்கு"ன்னு சொல்லிட்டேன்.

சொன்னப்புறம்தான் அண்ணி எனக்கு ஞாபகம் வந்திச்சு. தோத்துட்டு வர்ற அன்னிக்கெல்லாம் உங்க தம்பி அதைத்தான சொல்வார், "ஒரு மூக்குல போச்சு கௌசு"ன்னு. சாக்குன்னு நெனைச்சு, "ஆமா, எப்பவும் ஒரு மூக்குதான்"னு நான் தோசை திருப்பிக்கினே நொடிச்சிருக்கேன். பொய் சொல்லலை அவர். நெஜமாவே ஒரு மூக்குதான்.

கப்பை கீர்த்திக்கு நானே என் கையால கொடுத்தேன். அடுத்த வருஷம் எப்போன்னு அது கேட்டுச்சு. அண்ணன் கயித்தைச் சுருட்டிக்கினே, "ஏரி நெறம்பணும்னு வேண்டிக்கம்மா. தண்ணி நிக்குது, அதான் பந்தயம் இல்லைன்னு சொல்லிக்கலாம்"ன்னார்.

ரெண்டு நாயும் ஒரே பேசின்ல தண்ணி குடிச்சதுங்க, தலையோட தலை இடிச்சுக்கினு. கீர்த்தி நாலு மணிக்கெல்லாம் வீட்ல இருக்குதாம். சாமரம் பொழுதோட சாப்பிடும்னு சொன்னேன், அந்தப் பொண்ணு சிரிக்காம கேட்டுக்கினிச்சு. அங்கியே கயித்தை அது கையில கொடுத்துட்டேன். இந்தத் தடவை திரும்பிப் பாத்தேன்.

நீங்க சொன்னபடியே செஞ்சுட்டேன் அண்ணி. இனிமே நான் கெளம்பி வரதுக்குத் தடை ஒண்ணுமில்லை. தேதி நீங்களே சொல்லுங்க.

கௌசல்யா


பொன்னூர்
5-6-2025

கௌசல்யாவுக்கு,

யாரைக் கேட்டுக் கொடுத்தே?

என் தம்பி கையால சோறு போட்டு வளத்தது. எங்கேயோ செவிலிமேட்ல எவளோ ஒருத்தி, பேரு கீர்த்தியாம், நாலு மணிக்கு வராளாம். நாளைக்கு அவளுக்கு ஷிப்டு மாறினா? கல்யாணம் ஆனா? நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஆயிரம் சொல்லுவேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டு நடந்தா நீ என் தம்பி பொண்டாட்டியா?

இங்க மாடு வித்தப்புறம் கொட்டகை சும்மா கெடக்கு. போன வாரம் ஆள் விட்டு ஓலை மாத்தி, தரையைச் சாணி போட்டு மெழுகி வச்சேன். ஊர்ல கேக்குறாங்க, மாடு வாங்கப்போறியான்னு. காது கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

போய்க் கேட்டு வாங்கிக்கிட்டு வா. நீ தனியா வந்தா கதவைத் திறக்க மாட்டேன்.

ஜ்வாலாமாலினி


திருப்பருத்திக்குன்றம்
22-6-2025

ஜினவரர் துணை.

அண்ணிக்கு கௌசல்யா எழுதுறது. உங்க கடுதாசியை எடுத்துக்கினு செவிலிமேட்டுக்கு டவுன் பஸ்ல போனேன். கீர்த்தி வீட்ல பூட்டு. பக்கத்து வீட்ல, ஆத்துக்குப் போயிருக்குதுன்னாங்க. பாலாத்தாண்டை நடந்தேன். வெயில் எறங்கி மணலெல்லாம் மஞ்சளா இருந்திச்சு.

ரெண்டும் ஓடிக்கினு இருந்திச்சுங்க. முயல் இல்லை, பைக் இல்லை, மைக் இல்லை. கீர்த்தி செருப்பைக் கழட்டி வச்சுட்டு ஒரு ஓரமா உக்காந்து டிபன் டப்பாவுல ரெண்டு நாய்க்கும் சாதம் பிசைஞ்சுக்கினு இருந்திச்சு. பாக்க யாருமில்லை அண்ணி, ஆத்துல ஒரு ஈ காக்கா இல்லை. ஆனாலும் ஓடுதுங்க. அந்தக் கோடியில போயி திரும்பி, இது அதைத் துரத்தி, அது இதைத் துரத்தி. நான் முள்ளுச்செடி பின்னால நின்னு பாத்தேன். சாமரம் ஒரு தடவை நின்னு காத்தை மோந்திச்சு. வாலைத் தூக்கிச்சு. அப்புறம் வெள்ளை வந்து இடிச்சதும் திரும்ப ஓடிப்போச்சு.

கேக்கணும்னுதான் போனேன். உங்க கடுதாசி கையிலதான் இருந்திச்சு. கேக்கலை. பொழுதுக்குள்ள வீடு வந்து சேந்துட்டேன்.

வர வெள்ளிக்கிழமை காலையில வந்தவாசி பஸ்ல வரேன். தனியாத்தான் வரேன். கொட்டகை சும்மா கெடக்கட்டும், சாயங்காலத்துல நாம ரெண்டு பேரும் அங்க உக்காந்துக்கலாம். உங்க தம்பி ஓட்டுன பந்தயமெல்லாம் எனக்கு மனப்பாடம், உங்க காதுக்கு எட்டுற மாதிரி கத்திச் சொல்றேன். பொன்னூர் தெரு திரும்பிப் பாத்தா பாக்கட்டும்.

கதவைத் திறங்க.

கௌசல்யா